கீழே இறங்கியவன்

மின்கம்பிக் கோபுரத்தின் நடு இரும்புக்கையில் தொங்கிய பீங்கான் தட்டுகள் ஏற்கெனவே கழுவப்பட்டிருந்தன.

இடுப்புப் பட்டியில் தொங்கியபடி கிளைட்டன் அவற்றையே பார்த்தான். மேல்கைத் தட்டுகளில் கற்பிட்டிக் கடற்காற்று அப்பிய உப்பு சாம்பல் நிறத் தோலாகப் படிந்திருந்தது. அதைத் துடைக்கத்தான் காலையிலிருந்து மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆறு மணிக்கு முன் அவன் இறங்கியாக வேண்டும். இந்தத் தட்டுகளோ பளபளத்தன. விளிம்புகளிலிருந்து நீர் சொட்டியது. இன்றைக்கு ஏறியவன் அவன் ஒருவன்தான்.

"ஸப்ராஸ்! இதுல வேற ஆரும் ஏறினதா?"

"உன்னய விட்டா எந்தப் பேயன்டா ஏறுவான்? கெதியா முடி மச்சான், நோன்பு தொறக்கப் போகணும்."

கீழே ஸப்ராஸ் ஜீப்பின் முன்மூடியில் ஆள்பேர் எழுதிய கொப்பியை விரித்துக் குனிந்திருந்தான். இறங்கி நிலத்தில் நின்றவன் தன் பேரைத் தானே கத்த வேண்டும். ஸப்ராஸ் அந்தப் பேரைக் கொப்பியில் கோடிழுத்து வெட்டிய பிறகுதான் மின்சாரம் விடச் சொல்லி அழைப்புப் போகும். பதினொரு வருடத்தில் அவன் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்து வெட்டியதில்லை. குரல் போதும்.

டக்.

இரும்பில் கொக்கி மாட்டும் சத்தம். கிளைட்டனுடையது அல்ல. அழுகிய கடற்பாசியின் வாடை மேலெழுந்தது. சூரியன் கடலுக்குள் சரியச் சரிய உப்பளங்களின் மேல் கோபுரத்தின் நிழல் நீண்டுகொண்டே போனது, அந்த நிழலின் ஒரு காலில் ஆளுருவாக ஏதோ ஒன்று, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

இரும்பைப் பார்த்தான். யாருமில்லை.

நிழலில் மட்டும்.

மின்சாரம் தவறி வந்தாலும் நிலத்துக்குக் கடத்திவிட, கம்பியைக் கோபுரத்தோடு பிணைத்திருந்த பாதுகாப்பு வயர்களைத் தேடினான். கடைசியாக இறங்குகிறவன் கழற்ற வேண்டியவை அவை. காணவில்லை.

"கிளைட்டன்!"

கீழிருந்து வந்தது. கிளைட்டனின் சொந்தக் குரல். அதே கரகரப்பு.

"சரி, வெட்டிட்டேன்," என்று ஸப்ராஸ் குனிந்தபடியே சொன்னான். தொலைபேசியைக் காதில் வைத்தான்.

கிளைட்டன் கத்தினான். வாய் திறந்தது. காற்று வந்தது. குரல் வரவில்லை.

கொக்கியைக் கழற்றினான். விரல் வழுக்கியது. கோபுரத்தின் நடுவை நோக்கித் தவழ்ந்தான். ஒரு முழம். இன்னொரு முழம். இரும்பைக் கட்டிப்பிடித்தான்.

மேலும் கீழும் மின்சாரம் பாய்ந்து கம்பிகள் உறுமின; இனி இறங்க வழியில்லை. பற்கள் கூசின.

"என்ன மச்சான், இப்படி நனஞ்சு போயிருக்காய்?" கீழே ஸப்ராஸ் சிரித்தான்.

"வீட்ட கொண்டுபோய் விடு. மெரினாக் குட்டி பாத்துக்கொண்டு இருப்பாள்."

கிளைட்டனின் குரலே பதில் சொன்னது. மெரினா அவனுடைய மகளின் பேர்.

ஜீப் புறப்பட்டது. உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு, நாலாவதாக இருந்த கிளைட்டனின் வீட்டின் முன் நின்றது. கதவு திறந்தது. வெளிச்சத்துக்குள்ளிருந்து சின்ன உருவம் ஒன்று ஓடி வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய அது குனிந்தது. அவளைத் தூக்கியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவள் தோளுக்கு மேலாக அது கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தது. நெடுநேரம் பார்த்தது.

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தியது.