இசைத்தட்டின் கடைசியில் ஒரு சிரிப்பு

எங்கள் சித்தப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்ப்பது வேலை. ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பது பைத்தியம்.

டிரம்பெட்டும் பியானோவும் டிரம்ஸும் ஒன்றாக உட்கார்ந்து அரட்டை அடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஜாஸ். ஒன்று பேச்செடுக்கும், இன்னொன்று குறுக்கே புகும். பிரபலமானவர்களின் தட்டுகளைச் சித்தப்பா தொடக்கூட மாட்டார். யாரென்றே தெரியாத ஆள் வாசித்திருக்க வேண்டும். அட்டை கிழிந்திருந்தால் இன்னும் சந்தோஷம். பழைய சாமான் கடையில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே மண்டியிட்டுத் தேடுவார். நானும் கூடவே தேடுவேன். தட்டு அவருக்குக் கிடைக்கும், தும்மல் எனக்குக் கிடைக்கும்.

வீட்டில் என்னை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் இருக்கிறது. ரெக்கார்டு பிளேயரில் வேகத்தை மாற்ற ஒரு குமிழ் உண்டு. அதைக் குறைத்தால், கீச்சுக்குரலில் பாடுகிற பெண்கூடச் சளி பிடித்த மாமா மாதிரி பாடுவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சித்தப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

போன மாதம் கிடைத்த ஒரு தட்டில் பெயர்ச்சீட்டை யாரோ உரித்திருந்தார்கள். யார் வாசித்தது, எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. சித்தப்பா குறைந்த வேகத்தில் வைத்தார். டிரம்பெட் இழுத்து இழுத்து அழுதது. சித்தப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு வேறு வேகத்தில் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

தட்டின் கடைசியில் ஓர் ஆள் கரகரவென்று சிரிப்பார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. சித்தப்பாவோ சோகத்தையே கெடுத்துவிட்டான் என்று முகம் சுளித்தார். அடுத்த தடவையிலிருந்து அந்த இடம் வருவதற்குள் முள்ளைத் தூக்கிவிடுவார்.

அந்தத் தட்டு மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து வந்தது என்று பழைய சாமான் கடைக்காரர் சொன்னார். அங்கே தினமும் டிரம்பெட் வாசித்தவரின் மகள்தான் எங்கள் தெருமுனைச் செருப்புக்கடை ஆன்ட்டியாம். சித்தப்பா ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். ஆன்ட்டி கையிலிருந்த செருப்பை அப்படியே கீழே வைத்தார்.

"நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே அப்பா போயிட்டாரு. அவர் முகம் போட்டோல இருக்கு. அவர் ஊதினது மட்டும் எங்கயும் இல்ல. எனக்கே மறந்துபோச்சு தம்பி."

ஞாயிற்றுக்கிழமை மதியமே கடையைச் சாத்திவிட்டு, நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார். கேட்கக் கேட்க முகம் வாடிப்போனது. சித்தப்பா வழக்கம்போல முடிவுக்கு முன்பே முள்ளைத் தூக்கினார்.

"இது எங்கப்பா இல்ல. அவர் ஊதினா நாற்காலியில ஒருத்தர் உட்கார முடியாது. எல்லாரும் எழுந்து ஆடுவாங்க. இவர் யாரோ, பாவம், ரொம்ப மனக்கஷ்டத்துல இருக்காரு."

சித்தப்பா மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டார். பரவாயில்லை என்ற அந்தக் குரலே உடைந்திருந்தது.

அவர் வாசல் வரை போய்விட்டார். எல்லாரும் எழுந்து ஆடுவார்களா? இந்தப் பாட்டுக்கு எங்கள் வீட்டுப் பூனைகூடத் தூங்கிவிடுமே. அப்புறம் அந்தக் கரகரச் சிரிப்பு. அந்த ஆளுக்கும் சளி பிடித்த மாதிரிதானே இருந்தது?

நான் குமிழில் கை வைத்தேன். இப்போது விளையாடாதே என்று சித்தப்பா பல்லைக் கடித்தார்.

"விளையாடல சித்தப்பா. அந்தச் சிரிப்பு நிஜமா யாரோடதுன்னு பார்க்கணும். ஆன்ட்டி, ஒரே நிமிஷம்."

வேகத்தைக் கூட்டினேன். முள்ளை ஆரம்பத்தில் வைத்தேன்.

டிரம்பெட் துள்ளிக் குதித்து வந்தது. டிரம்ஸ் அதைத் துரத்தியது. வாசலில் நின்ற ஆன்ட்டியின் வலது கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. சித்தப்பா திறந்த வாயை மூடவில்லை. கடைசி இடம் வந்தபோது அவர் கை பழக்கத்தில் முள்ளை நோக்கிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. ஒரு சிரிப்பு கேட்டது. கரகரப்பும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு சின்னப் பெண் கலகலவென்று சிரித்தாள்.

ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான்தான் அது. முடிக்கும்போது அப்பா கன்னத்தை உப்பிக்கிட்டு என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவாரு. என்னால சிரிப்பை அடக்கவே முடியாது."

சொல்லிவிட்டு அழுதார், நடுவே சிரித்தார், மறுபடி அழுதார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

யாருக்கும் ஒரு தட்டைக்கூடக் கடன் கொடுக்காத சித்தப்பா, அதை உறையில் போட்டு ஆன்ட்டியிடம் நீட்டினார். அவர் வீட்டில் பிளேயர் இல்லையாம். இங்கேயே இருக்கட்டும், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். நாங்கள் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிடுவோம். குமிழ் என் பொறுப்பு. பாட்டின் முடிவில் அந்தச் சின்னப் பெண் சிரிக்கும்போது ஆன்ட்டியும் கூடவே சிரிப்பார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு குரலில் சிரிப்பதைக் கேட்க வேண்டுமா? எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.