கல்லறைக்கு வாங்கிய கடன்

சம்பா மாதா கோயில் மணி ஓய்ந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பூசை முடிந்து திரும்பிய திரேசம்மாள் படியேறி வந்த வேகத்தைப் பார்த்ததுமே ஸ்டெல்லாமேரி கரண்டியோடு ஒதுங்கி நின்றாள். தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் மாமியார் நேரே அடுப்படிக்கு வந்து குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கினாள்.

“கத்திரிக்கா! ஞாயித்துக்கெழமையும் கத்திரிக்கா! சொல்தா வூட்ல கறி வெந்து எத்தினி மாசமாச்சுடி?”

“அடுத்த வாரம் பாக்கலாம் அத்த...”

“கறியக் குப்பையில போடு. பூக்காரன் என்னா கேட்டான் தெரியுமா? ‘அய்யா கல்லறைக்குப் பூ வாணாம்னு உங்க மருமவ சொல்லிட்டுப் போச்சே, வேற எங்கனாச்சும் சொல்லிட்டீங்களாம்மா’ன்னு கேட்டான்! சம்பா கோயில் வாசல்ல, நாலு பொம்பளைங்க நிக்கறப்ப! எனக்கு அங்கியே உசுரு போயிடுச்சு...”

ஸ்டெல்லாமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். இது எப்படியும் தெரியத்தான் போகிறது என்று அவளுக்குத் தெரியும். இன்னும் இரண்டு நாள் கழித்துத் தெரிந்திருக்கலாமே என்றுதான் இருந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குச் செத்தவர்களைப் பார்க்க வருகிறவர்களைவிட, பக்கத்துக் கல்லறையில் எவ்வளவு பூ என்று பார்க்க வருகிறவர்களே அதிகம். அதில் இரண்டு வருஷமாக முதலிடம் சொல்தா சின்னப்பருக்குத்தான்.

திரேசம்மாளின் கணவர் சின்னப்பர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படி இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். பெயரைச் சொன்னால் தெரியாது, சொல்தா வீடு எது என்றால் சின்னப்பிள்ளையும் கைகாட்டும். அவர் இருந்தவரை பிரான்சுப் பணத்தில் வீடு செழித்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். சொல்தா இருந்தபோது ஆயிரம் பொன் கொடுத்தார், இறந்தபிறகு ஆயிரம் பொன் கேட்டார். பளிங்கில் கல்லறை, பேண்டு வாத்தியம், முப்பதாம் நாள் ஊரைக் கூட்டிச் சாப்பாடு! எல்லாம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, தவளக்குப்பத்துப் புருஷோத்தமனிடம் வாங்கிய கடன். கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணியவர்கள் உண்டு, கல்லறை கட்டியவர்கள் இந்த வீட்டில்தான் உண்டு. விதவைக்கு வந்த பென்ஷனோ பழையதில் பாதிகூட இல்லை. செலவு மட்டும் சின்னப்பர் இன்னும் உயிரோடு இருப்பதுபோலவே நடந்துகொண்டிருந்தது.

அந்தச் செலவைத்தான் ஸ்டெல்லாமேரி ஒவ்வொன்றாக வெட்டினாள். முதலில் கேபிள் போனது. அப்புறம் ஏசி, இரண்டாவது பால் பாக்கெட், காலையில் பேக்கரி ரொட்டி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக் கறி. தனக்கென்று வெட்ட அவளிடம் எதுவும் இல்லாததால் ராத்திரிச் சாப்பாட்டை வெட்டிக்கொண்டாள். புருஷோத்தமன் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் அசல் வராவிட்டால் வீடு அவருக்கு.

ஆனால் ஒரு செலவை மட்டும் அவளால் வெட்ட முடியவில்லை. அது ஆனந்தின் பணம்.

ஜோசப் ஆனந்த் திரேசம்மாளின் இளைய மகன், பிரான்சில் இருப்பவன். அப்பாவின் அடக்கத்துக்கு வராததால் அண்ணன் கிறிஸ்துதாஸ் அவனோடு பேசுவதில்லை. மாசம் எட்டாயிரம் அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், “வேலை போயிடுச்சு அண்ணி, அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க” என்று போனில் அழுதான். சொல்லத்தான் போனாள் ஸ்டெல்லாமேரி. அந்த நேரம் பார்த்துத் திரேசம்மாள் வாசலில் நின்று, “எம் புள்ள பிரான்சுக் காசு அனுப்புறான்... ராசா மாதிரி வச்சிருக்கான்” என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவளின் முகத்தில் இருந்த அந்த வெளிச்சத்தை அணைக்க இவளுக்கு மனசு வரவில்லை. ஒரு மாசம்தானே என்று தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அடுத்த மாசமும் வந்தது. வளையல் போனது. அதற்கப்புறம், மடத்தில் சிஸ்டர்களுக்கு ஒத்தாசையாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த லாட்ஜில் தினமும் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள்.

பிள்ளையிடம் பணத்தைப் பற்றிப் பேசினால் அவன் மனசு கசந்துவிடும் என்பது திரேசம்மாளின் கொள்கை. அவனும் முகம் காட்டாமல் எப்போதாவதுதான் பேசினான். அதனால் இத்தனை நாளும் முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தே கிடந்தது.

“என்னா பேச்சு மூச்சக் காணோம்? தாசு! வாடா இங்க! ஒம் பொண்டாட்டி பண்ண காரியத்தப் பாரு!”

கிறிஸ்துதாஸ் பேப்பரை மடித்துக்கொண்டே வந்தான். மோட்டார் சாமான் கடையில் வாரம் முழுக்க நின்று வேலை செய்கிறவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் உட்காருவான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது.

“ஏன் ஸ்டெல்லா... எங்கப்பா கல்லறையிலயா ஒன் சிக்கனத்தக் காட்டணும்?”

“போன வருசம் பூவுக்கும் லைட்டுக்கும் பன்னெண்டாயிரங்க. புருஷோத்தமன் குடுத்த தவண...”

“அதெல்லாம் ஆனந்து வந்து ஒரே மூச்சுல அடச்சிடுவான்!” என்று குறுக்கே பாய்ந்தாள் திரேசம்மாள். “அதுக்குள்ள முன்கட்ட லாட்ஜுக்காரனுக்கு வாடகைக்கு வுடு, கடன அடைக்க அட்வான்சு தரான்னு ஒத்தக்கால்ல நிக்கற. எம் புள்ள வந்து தங்கற எடம்டி அது! நான் உசுரோட இருக்கற வரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன். சரி, ஆனந்து காசு எங்க? மாசம் முடியப் போவுது... இன்னும் என் கைக்கு வரலியே?”

அந்த எட்டாயிரத்தை ஸ்டெல்லாமேரி போன வாரம்தான் வட்டிக்குக் கட்டியிருந்தாள்.

“இந்த மாசம்... கொஞ்சம் லேட்டாவும் அத்த.”

“லேட்டாவுமா? ஒன் அக்கவுண்டுக்குத்தான வருது! அமுக்கிட்டியா? அய்யோ, கோயிலுக்கும் மடத்துக்கும் போறவ பண்ற வேலையா இது! எம் புள்ள ரத்தத்த உறிஞ்சற காசுடி அது!”

“அத்த! அப்புடிச் சொல்லாதீங்க... மாதா சத்தியமா...”

“மாதாவ இழுக்காத! பெனிஷா! எங்கடி போன? ஒன் சித்தப்பாவுக்குப் போனப் போடு. நேராவே கேட்டுடறேன்.”

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெனிஷாவுக்கு டியூஷனை நிறுத்திய நாளிலிருந்து அம்மாமேல் கோபம். போனை எடுத்துக்கொண்டு உடனே வந்தாள்.

“வாணாம்டி பெனிஷா! அங்க இன்னும் விடிஞ்சிருக்காது. அத்த, ஒங்க கால்ல வேணா வுழறேன்... போன் மட்டும் வாணாம்...”

அந்தக் கெஞ்சல்தான் அவளைத் திருடியாக்கியது. கிறிஸ்துதாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “மடியில கனம் இல்லன்னா எதுக்கு பயப்படற?” என்றான். இருபது வருஷம் கூட வாழ்ந்தவன் கேட்ட கேள்வி அது. அதற்குமேல் அவள் யாரையும் தடுக்கவில்லை.

ராத்திரி வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருந்தான் போலிருக்கிறது ஆனந்த். போன் திரையில் தெரிந்த முகத்தைத் திரேசம்மாளுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, தலை நரைத்திருந்தது.

“ஆனந்து... ராசா... இந்த மாசம் காசு அனுப்புனியாப்பா?”

“என்னாம்மா காசு?”

“மாசாமாசம் அனுப்புறியே... எட்டாயிரம்...”

அவன் மெதுவாகச் சொன்னான். “நான் அனுப்பி ரெண்டு வருசமாச்சேம்மா. வேல போன அன்னிக்கே அண்ணிகிட்ட சொன்னேனே... ஒங்ககிட்ட சொல்லலியா? இப்ப ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவுறேன்மா. ரூம் வாடகைக்கே பத்தல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒங்ககிட்டப் பேசறது...”

திரேசம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப... எனக்கு மாசாமாசம் வந்தது...?”

ஸ்டெல்லாமேரி கைகளை முந்தானைக்குள் மறைத்தாள். பெனிஷாதான் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சோப்பும் பிளீச்சிங் பவுடரும் தின்று உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து கிடந்தது.

“மடத்துக்குப் போயி இப்புடி ஆவுமாம்மா? எங்கம்மா போற?”

“லாட்ஜுல... துணி தொவைக்கறேன்.”

கிறிஸ்துதாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “அய்யோ ஸ்டெல்லா... நான் என்னா கேட்டுட்டேன் ஒன்ன...” என்று தலையில் அடித்துக்கொண்டான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

திரேசம்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “ஏன்டி சொல்லல? ஊரு பூரா எம் புள்ள, எம் புள்ளன்னு பீத்திக்கினேனே... என்னப் பைத்தியக்காரி ஆக்கிட்டியேடி!”

“ஆமா அத்த, தப்பு என்னுதுதான்!” அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கின ஸ்டெல்லாமேரிக்கு. “ஒங்க மனசு நோவக்கூடாதுன்னு பாத்தேன். நான் குடுத்த காச ஆனந்து காசுன்னு நம்பித்தான், அவன் வருவான், கடன அடப்பான்னு முன்கட்ட வுடமாட்டேன்னீங்க. அன்னிக்கே உண்மயச் சொல்லியிருந்தா பாதி வட்டி மிச்சமாயிருக்கும். பால நிறுத்தினேன், கறிய நிறுத்தினேன், எம் புள்ள படிப்ப நிறுத்தினேன்... இந்தப் பொய்ய மட்டும் நிறுத்தத் தெரியல எனக்கு. இனிமே ஒரு பைசா என்கிட்ட இல்ல அத்த... இல்ல!”

திரேசம்மாள் முன்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. மறுநாளும் கிழவி மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்டெல்லாமேரி முதல் தடவையாக, “லாட்ஜுக்குப் போறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

கல்லறைத் திருநாள் சாயங்காலம் உப்பளம் கல்லறைத் தோட்டமே பூவால் மூடிக்கிடந்தது. சாமந்தி மாலைகளும் ரோஜா வளையங்களும் சீரியல் விளக்குகளுமாக ஒன்றையொன்று முந்தி நின்றன. அந்த வரிசையிலேயே பெரிய கல்லறை சின்னப்பருடையது. பளிங்கு பளபளக்க, ஒரு பூகூட இல்லாமல் கிடந்தது. ஸ்டெல்லாமேரி குனிந்து ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அக்கம்பக்கத்தார் பார்ப்பது முதுகில் உறைத்தது.

எதிர்வீட்டுப் பிலோமினாவுக்கு வாய் சும்மா இருக்குமா? “என்னாக்கா, இந்த வருசம் அண்ணனுக்குப் பூவே காணோம்? பிரான்சுலேருந்து காசு வரலியா?” என்று கேட்டுவிட்டு, ஓரக்கண்ணால் ஸ்டெல்லாமேரியைப் பார்த்தாள். “இல்ல, வந்தும் வேற எங்கனாப் போயிடுச்சா?”

கோயில் வாசலில் பூக்காரன் கேட்டது தெரு முழுக்கப் பரவியிருந்தது. ஸ்டெல்லாமேரி தலையைக் குனிந்துகொண்டாள். இன்றைக்கும் மாமியார் ஒரு பொய் சொல்லித் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வாள், பழி என் தலையில் விழும், விழுந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

திரேசம்மாள் நிமிர்ந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

“எம் புள்ள ரெண்டு வருசமா ஒரு சல்லி அனுப்பல, பிலோமினா. அவன் அங்க சட்டி கழுவுறான். கோயில்ல நான் வச்ச பூச காணிக்க, ஒனக்குப் போன கிறிஸ்மஸுக்கு எடுத்துக் குடுத்தேனே பொடவ... எல்லாம் எம் மருமவ லாட்ஜுல துணி தொவச்ச காசு. நான் அவளத் திருடின்னு சொன்னேன். எனக்கு என் வாயி அழுவிப் போவணும்...”

சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்தது. பிலோமினா மறுபக்கம் திரும்பி இல்லாத தூசியைத் தட்டினாள். கிறிஸ்துதாஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“அத்த... எதுக்கு அத்த இதெல்லாம்... எல்லார் முன்னாடியும்...”

“எல்லார் முன்னாடியுந்தான பீத்திக்கினேன்.” திரேசம்மாள் மருமகளின் உரிந்துபோன கையை எடுத்துத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். அந்த ஈரம் பட்டதும் ஸ்டெல்லாமேரி அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்து, கிழவியின் தோளில் விழுந்து விம்மினாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ! கடைசியில் திரேசம்மாள்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பளிங்குப் படியிலிருந்து இறங்கக் கை நீட்டினாள்.

“புடிடி. இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போவணும். ஒங்க மாமா கட்டில முன்கட்டுலேருந்து தூக்கிப் பின்கட்டுல போடணும். அந்த லாட்ஜுக்காரர நாளைக்கே வரச்சொல்லு... நான் கையெழுத்துப் போடறேன்.”