ஒரு கண்ணை மூடினால்

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் காலை, அவள் கண்ணுக்குத் தெரிந்த இரண்டு கணவர்களில் ஒருவர் மட்டும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருந்தார்.

அவள் தையல்காரி, பொத்தான் விஷயத்தில் ஏமாறுகிறவள் இல்லை. ஆனால் கண்ணையே நம்ப முடியாத காலம் இது. தலைக்குள் ஏறிய அழுத்தம் பார்வையைத் தின்னத் தொடங்கியிருந்ததால், வலக்கண்ணின் நரம்பைச் சுற்றியிருந்த உறையைச் சின்னதாக வெட்டி நீரை வடியவிட்டிருந்தார்கள். "தசையைப் பிரிச்சுத் திரும்பத் தைச்சிருக்கோம். கொஞ்ச நாளைக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். ஒரு கண்ணை மூடினா ஒண்ணாயிடும், பயப்படாதீங்க" என்றிருந்தார் டாக்டர். முழுப் பார்வை மிஞ்சியிருந்தது இடக்கண்ணில் மட்டும்தான்.

"ஒருத்தரைச் சமாளிக்கவே நாக்குத் தள்ளுது, இப்ப ரெண்டு பேரு" என்று முதல் வாரம் சிரித்தவள்தான்.

இன்று வலக்கண்ணைக் கையால் பொத்தினாள். மருந்து வாடை நிறைந்த அந்தப் படுக்கையறையில் திரைச்சீலைக்குப் பின்னால் மங்கிக் கிடந்த வெயில், மேசைமேல் மாத்திரை அட்டைகள், திறந்திருந்த குளியலறைக் கதவு, அதற்குள் சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாய் எல்லாம் ஒழுங்காக ஒன்றாயின. கணவர் மட்டும் இரண்டாகவே நின்றார்.

"என்னங்க, உங்க பக்கத்துல..."

"எந்திரிக்காதே, குனியாதே. வெளியே பூட்டிட்டுப் போறேன். நீ பாட்டுக்கு விழுந்து வெச்சா யாரு பாக்குறது? மதியம் வந்துடுறேன்."

பேசியது ஒரு வாய்தான். மற்றது மூடியே இருந்தது.

அவர் போனார். பூட்டுச் சத்தம் கேட்டது. செருப்பொலி படியிறங்கித் தேய்ந்து மறைந்தது.

பொத்தான் போடாதவர் போகவில்லை.

போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது; கூடத்துக்குப் போகும் வழியில்தான் அவர் நின்றார். கத்தினால் தலையில் அழுத்தம் ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். ஏறினால் ஏறட்டும் என்று கத்தினாள். காற்றுதான் வந்தது. இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள். பார்க்காவிட்டால் இருக்காது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குழாய்ச் சொட்டு நின்றது.

மெத்தை ஒரு பக்கம் தாழ்ந்தது. சோப்பு வாசனை இல்லை. வியர்வை வாசனை இல்லை. மூச்சும் இல்லை.

ஈரமான கட்டைவிரல் ஒன்று இமைமேல் வந்து அமர்ந்தது. வலக்கண்ணில் அல்ல. இடக்கண்ணில்.

மெதுவாக, சொட்டு மருந்து விடுகிறவரின் பொறுமையோடு, அது இமையை மேலே தூக்கியது.