ஏறிட்டியா?

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அது எரியக் கூடாது.

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், ஹீட்டர் பொத்தான்களுக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் இரண்டு விளக்குகள். காலையில் ஃபார்கோ ஷோரூமில் சாவியைக் கொடுத்தபோது விற்பனைக்காரன் டுவெய்ன் விளக்கியது லோர்னாவுக்கு நன்றாகவே ஞாபகமிருந்தது.

“சிவப்பு எரிஞ்சா பின்னாடி இடம் காலி மேடம். வீல்சேர் உள்ள வந்து தரைப் பூட்டுல ‘டக்’னு உட்கார்ந்துச்சுன்னா பச்சை. அவ்வளவுதான். சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்.”

கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால், நடு சீட்டுகள் எடுக்கப்பட்ட வெற்றுத் தரை. புது ரப்பரின் வாசனை. நடுவில் சக்கர நாற்காலியின் அடியைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பூட்டு. கடைசி சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

யாரும் இல்லை.

பச்சை.

வெளியே நார்த் டகோட்டா முழுக்க ஒரே வெள்ளையாகக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சாலையின் குறுக்கே பனித்தூள் பாம்பு பாம்பாக நெளிந்து ஓடியது. முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த தற்காலிக நம்பர் காகிதம் ஹீட்டர் காற்றில் படபடத்துக்கொண்டே வந்தது.

அவள் விளக்கின் மேல் விரலால் தட்டினாள். அணையவில்லை.

“புது வண்டியாம், புது வண்டி,” என்று பல்லைக் கடித்தாள். டுவெய்னுக்குப் போன் போட்டாள்.

“குளிருக்கு அப்படித்தான் மேடம் காட்டும்,” என்றது ஸ்பீக்கரில் அவன் குரல். “சென்சாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். திருப்பி ஓட்டிட்டு வாங்க, கழட்டிப் பார்த்துடலாம். அடுத்த வாரம் கொடுத்துடறோம்.”

“அடுத்த வாரமா? தம்பி, இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நான் இந்த வண்டியோட கிளென்டைவ்ல நிக்கணும். இல்லைன்னா நாளைக்குக் காலையில என் பையன பில்லிங்ஸ்ல இருக்கற பெரிய இல்லத்துக்கு ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. அங்க போனவங்க யாரும் வீட்டுக்குத் திரும்பினதில்ல.”

“புரியுது மேடம்...”

“உனக்குப் புரியாது. போனை வை.”

புரியாதுதான். அவள் மகன் ரீஸ் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவன். பனிச்சாலையில் பிக்கப் உருண்டு கழுத்து முறிந்த நாளிலிருந்து மொன்டானாவில், கிளென்டைவ் பராமரிப்பு இல்லத்தில் கிடக்கிறான். கைகள் கொஞ்சம் அசையும். இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. அவனுக்காக லோர்னா வீட்டு வாசலை இடித்து அகலமாக்கினாள், குளியலறையை உடைத்துக் கட்டினாள். வண்டி மட்டும்தான் பாக்கி. வண்டி இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று இல்லத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மொன்டானாவில் கேட்ட இடமெல்லாம் கோடைக்கு மேல் பார்க்கலாம் என்றார்கள். ஃபார்கோவில் ஒன்று தயாராக நிற்கிறது என்று தெரிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். யாரோ சொல்லிச் செய்த வேன், அவர்கள் வாங்க வரவில்லையாம். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கென்ன?

பச்சை விளக்கைப் பார்த்தபடியே ஓட்டினாள். காலையில் கிளம்பும்போது சிவப்புதான் எரிந்தது. நிச்சயமாக. அப்புறம் எப்போது மாறியது?

வேலி சிட்டி ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓய்விடத்தில்.

ஞாபகம் வந்ததும் அவள் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து தானாக எழுந்தது.

அங்கே அவள் ஒத்திகை பார்த்தாள். ரீஸ் முன்னால் தடுமாறக் கூடாதில்லையா? கழிவறைக்குப் போய்விட்டு வந்து, ஆளில்லாத நிறுத்தத்தில் சாவிப் பொத்தானை அழுத்தினாள். பக்கக் கதவு வழுக்கித் திறந்தது. வேன் ஒட்டகம் மாதிரி ஒருபக்கமாகத் தாழ்ந்தது. சாய்பலகை நீண்டு வந்து பனியில் நாக்கை வைத்தது. அவள் நகர்ந்து நின்று காத்திருந்தாள். ஒரு நாற்காலி மெதுவாக ஏறித் திரும்பி, பூட்டில் போய் நிற்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். இல்லத்து வண்டியில் மகனை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் வாயும் தானாகக் கேட்டது.

“ஏறிட்டியா கண்ணா? மூடிடட்டுமா?”

கேட்டுவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பலகையை மடக்கும்போது மோட்டார் முக்கியது. குளிர் என்று நினைத்தாள்.

லோர்னா மீண்டும் கண்ணாடியைப் பார்த்தாள். பின்பக்க ஜன்னலில், உட்கார்ந்திருப்பவரின் முக உயரத்தில், கண்ணாடி ஒரு தட்டு அளவுக்கு ஆவி படிந்து வெளுத்திருந்தது.

அந்த வெள்ளை வட்டம் சுருங்கியது.

விரிந்தது.

சுருங்கியது.

போன் அலறியதில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். ரீஸ்.

“என்னம்மா, வண்டி ஓடுதா, இல்ல நீ தள்ளிக்கிட்டு வர்றியா?”

“வாய மூடுடா. நல்லாவே ஓடுது.”

“என்ன கலரு?”

“சாம்பல்.”

“ஐயையோ! செவப்பு கேட்டேன்ல! சாம்பல்ல பாதிரியார்தாம்மா போவாரு.”

“அப்ப நடந்து வா.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். இந்தக் கிண்டல் அவர்கள் இருவருக்கு மட்டுமே சொந்தம். “சரி, பேக் பண்ணிட்டேன்மா. வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். நர்ஸ் திட்டுது. நீ வர்ற வரைக்கும் உள்ள போக மாட்டேன்.”

“வந்துட்டே இருக்கேன்டா.”

“அம்மா, ஹீட்டர் போடல? ஏன் உன் குரல் நடுங்குது?”

“ரோடு சரியில்ல,” என்று சொல்லிக் கட் பண்ணினாள்.

பிஸ்மார்க்கில் பெட்ரோல் போட நிறுத்தியவள் முதலில் போடவில்லை. கதவைத் திறந்தாள். பலகையை இறக்கினாள். நேராக நின்று, காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“இறங்கு.”

அடுத்த பம்பில் தொப்பிக் காதுகளைக் கீழே இழுத்துக் கட்டிய ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கடைக் கதவை நோக்கிப் போனவர், இவள் குரலைக் கேட்டு நின்று, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். கை விறைத்துப் போனாலும் பிடித்த கதவை விட மாட்டார்கள்.

“அவசரமில்லம்மா,” என்று கத்தினார். “அவரு மெதுவா இறங்கட்டும். நான் பிடிச்சிக்கிறேன்.”

“யாருமில்லைங்க.”

“ஆங்?”

“உள்ள யாருமில்லைன்னேன்!”

பெரியவர் கதவை விட்டுவிட்டு மெல்ல வந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கியது.

“அப்ப பலகை ஏம்மா வளையுது?”

பலகையின் மேல்முனை கீழ்நோக்கி வளைந்தது. வளைவு மெதுவாக, மிக மெதுவாக, நடுவுக்கு வந்தது. உலோகம் கிறீச்சிட்டது. பலகையின் விளிம்பு பனியில் அழுந்தியது. விளிம்பைத் தாண்டி, புதுப் பனியில் இரண்டு சக்கரக் கோடுகள் விழுந்தன. ஒரு முழ நீளம். அதற்குமேல் இல்லை.

நின்றது.

வெளியே எட்டிப் பார்ப்பது மாதிரி.

பிறகு வளைவு பின்வாங்கியது. மேலே. இன்னும் மேலே. வேன் அசைந்து கொடுத்தது.

டக்.

பச்சை.

பெரியவர் தன் பிக்கப்பில் ஏறினார். கண்ணாடியை விரலளவு இறக்கினார். “அந்த வண்டிய இங்கயே விட்டுட்டுப் போயிடும்மா. நான் எங்க வேணாலும் கொண்டுபோய் விடறேன். எங்கன்னு மட்டும் சொல்லு.”

லோர்னா அவரைப் பார்த்தாள். வாசலில் குளிரில் உட்கார்ந்திருக்கும் மகனை நினைத்தாள்.

“என் பையன் வீல்சேர உங்க வண்டியில ஏத்த முடியுமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப வழிய விடுங்க,” என்றாள்.

டாங்கை நிரப்பினாள். ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். கண்ணாடியைத் தன் முகம் தெரிகிற மாதிரி திருப்பாமல், பின்னால் அந்த இடம் முழுசாகத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

“கேட்டுக்கோ,” என்றாள். “நீ யாரோ, எவரோ. எனக்குத் தெரிஞ்சுக்க வேண்டாம். நான்தான் கூப்பிட்டேன், வாய் தவறி. தப்பு என்னுதுதான். ஆனா அது என் பையனோட இடம். ஓசிச் சவாரி கிளென்டைவ் வரைக்கும்தான். அங்க இறங்கற. புரிஞ்சுதா?”

ஜன்னலில் வட்டம் விரிந்தது.

டிக்கின்சனைத் தாண்டியதும் காற்று பேயாட்டம் ஆடியது. எதிரே வந்த லாரிகளின் விளக்குகள் மட்டும் மிதந்து வந்து மறைந்தன. பின்னால் நுழைவாயில்களில் சாலையை மூடும் தடுப்புகளை இறக்கிக்கொண்டிருப்பதாக ரேடியோ சொன்னது. இனி திரும்ப முடியாது. ஹீட்டர் முழு வேகத்தில் ஊதியும் அவள் பிடரியில் மட்டும் சில்லென்று ஒரு காற்று பட்டது. ஈரக் கம்பளியும் மருந்தும் கலந்த வாசனை. படுக்கையிலேயே நெடுநாள் கிடந்த உடம்பின் வாசனை. அவளுக்கு அது பழகிய வாசனைதான். அதுதான் பயமாக இருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் சீட் லேசாக இடிபட்டது.

மறுபடியும்.

நாற்காலியின் கால்பலகை முன்சீட்டில் முட்டுகிற அதே இடம்.

“முட்டாத,” என்றாள்.

முட்டியது.

திடீரென்று பிரேக்கை மிதித்தாள். வேன் வழுக்கியது. வாலைச் சுழற்றியது. ஓரத்துப் பள்ளத்துக்கு அருகில் போய் நின்றது. பின்னால் எதுவும் உருளவில்லை. பச்சை அசையாமல் எரிந்தது. பூட்டு கெட்டியாகத்தான் பிடித்திருந்தது. நல்ல வேலைப்பாடு.

லோர்னா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். அழுகை வந்தது. அதை விழுங்கினாள். நிமிர்ந்தாள்.

“ரெண்டு வருஷமா ஒருத்தரும் என்னை நிறுத்த முடியல. டாக்டர், இன்சூரன்ஸ், அந்த இல்லத்து மேனேஜரம்மா. நீ வந்து நிறுத்திடுவியா?”

கியரைப் போட்டாள்.

கிளென்டைவ் இல்லத்து வாசலில் அவள் நுழைந்தபோது வெளிச்சம் இன்னும் ஒரு சொட்டு மிச்சமிருந்தது. கூரை நீட்டலுக்குக் கீழே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மடியில் பையோடு ரீஸ். பக்கத்தில் நர்ஸ் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

“பாதிரியார் வண்டி வந்தாச்சு!” என்று கத்தினான் ரீஸ்.

“அங்கயே இரு! நான் சொல்ற வரைக்கும் கிட்ட வராத!”

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை நிறுத்தியது.

இறங்கினாள். பொத்தானை அழுத்தினாள். கதவு, தாழ்வு, பலகை. திறந்த வாசலுக்கு எதிரே, முகத்துக்கு முகம் நிற்பது மாதிரி நின்றாள். சத்தமில்லாமல், பல்லுக்கு இடையில் பேசினாள்.

“வந்துடுச்சு. இறங்கு. இறங்கலைன்னா இந்த வண்டிய உன்னையும் சேர்த்து இப்பவே ஆத்துல கொண்டுபோய் விடுவேன். பனி உடைஞ்சு ரெண்டு பேரும் போவோம். நான் செய்வேன். உனக்கே தெரியும்.”

காற்று நின்றது.

டக்.

பலகை வளைந்தது. மேலே. நடுவில். கீழே. பனியில் இரண்டு கோடுகள் விழுந்தன. இந்தத் தடவை நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போயின. போகும்போது அவள் மேல்கோட்டின் ஓரத்தை ஏதோ உரசியது. ஒதுங்கச் சொல்லாமல் ஒதுங்கிப் போவது மாதிரி, மரியாதையாக.

அவள் ஓடிப்போய் விளக்குப் பெட்டியைப் பார்த்தாள்.

சிவப்பு.

சிரித்தாள். அழுதாள். இரண்டும் ஒரே சமயத்தில். “ஜெயிச்சுட்டேன்,” என்றாள் யாரிடமோ. “வாடா! வா, ஏறு!”

திரும்பியபோதுதான் கோடுகளைப் பார்த்தாள். அவை கூரை நீட்டலை நோக்கி நேராகப் போயிருந்தன. ரீஸின் சக்கரங்களுக்கு முன்னால் முடிந்திருந்தன. அங்கிருந்து எங்கும் போகவில்லை.

ஒரு கணம் நின்றாள். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவேற்பறையில் மேனேஜரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். லோர்னா பூட்ஸ் காலால் கோடுகளைத் தேய்த்து அழித்தாள். காற்று. பனி. அவ்வளவுதான். போய்விட்டது. போகாமல் என்ன?

ரீஸ் ஏறினான். பலகை அவன் பாரத்துக்கு வளைந்தது. கொஞ்சம் அதிகமாகவே வளைந்தது. அவள் அதைப் பார்க்க மறுத்தாள். டக். பச்சை. நர்ஸ் கையசைத்தாள். வேன் தெருவில் இறங்கியது.

“வீட்டுக்குப் போறோம்மா,” என்றான் ரீஸ், ஜன்னலில் முகத்தை வைத்து. “இன்னிக்கு ராத்திரி என் கட்டில்ல.”

“உன் கட்டில்லதான்டா.”

“இனிமே யாரு தடுப்பா?”

“யாருமில்ல. வரட்டும் பாக்கலாம்.”

பாலம் வந்தது. கீழே ஆறு உறைந்து கிடந்தது. அவள் தெம்பாக ஓட்டினாள். வெகுநேரமாகப் பின்னால் பேச்சில்லை. தூங்கிவிட்டான் போல.

கண்ணாடியைப் பார்த்தாள்.

ரீஸ் தூங்கவில்லை. குனிந்து தன் மடிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. கால்பலகையில் வார் போட்டுக் கட்டியிருந்த அவனுடைய வலது கால், இரண்டு வருடமாக மரக்கட்டையாகக் கிடந்த கால், வாரை அவிழ்த்துக்கொண்டு மெல்ல எழுந்தது. இடது முழங்காலின் மேல் போய் உட்கார்ந்தது. கால்மேல் கால். நீண்ட பயணத்துக்குப் பிறகு சௌகரியமாகச் சாய்ந்துகொள்கிறவர் மாதிரி.

பாதம் ஆடத் தொடங்கியது.

“அம்மா,” என்றான் ரீஸ், மூச்சே இல்லாமல். “நான் ஆட்டலம்மா.”