மந்தை இறங்கிய பிறகு

மலையில் ஒரு ஆடுகூட இல்லாத மாதத்தில் யாரோ நாயை ஏவிக்கொண்டிருந்தார்கள். மூடுபனிக்குள் எங்கோ மேலே விசில் கேட்டது; நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. நைரி நின்றுவிட்டாள். குளிருக்கு முன்பே மந்தையையெல்லாம் கீழே இறக்கியாயிற்று. ஒட்டாகோ மலையின் இந்த உச்சிச் சரிவில் இப்போது இருக்க வேண்டியது காற்றும், நனைந்த புல்லும், முதுகுச் சுமையோடு ஐந்து நாளாக நடந்துகொண்டிருக்கும் அவளும் தம்பி டூகலும்தான்.

"யாருக்கா அது, இந்த நேரத்துல?"

"எவனோ வேலையத்தவன். நட."

எவன் என்று அவளுக்குத் தெரியும். மேய்ப்பனுக்கு மேய்ப்பன் விசில் வேறு. நாய் தன் ஆளுடையதற்குத்தான் காது கொடுக்கும். இது அவள் புருஷன் ஹாமிஷின் விசில். அவன் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

அந்த வருஷம் மந்தையை இறக்க மூவரும் ஏறினார்கள். ஹாமிஷ் உச்சி வரிசையில், இவர்கள் இருவரும் கீழே. பனி மூடியது. உச்சி ஆள் இறங்கி வரும்வரை கீழே நிற்பவர்கள் நகரக் கூடாது. எந்தப் பண்ணையிலும் முதல் நாளே சொல்லித் தருவது இதுதான். இவர்கள் நகர்ந்தார்கள். பனி உருகிய பிறகு பாறைக்கடியில் ஹாமிஷ் கிடைத்தான். அவன் நாய் டெஸ் கிடைக்கவே இல்லை. விசாரித்தவர்களிடம், "டூகல்தான் இறங்கலாம்னான்" என்றாள் நைரி. உண்மையில் இறங்கலாம் என்று சொன்னது அவள்தான். பக்கத்திலேயே நின்ற டூகல் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணையும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. இன்றைக்கும் அவள் கூடாரத்தையும் சேர்த்து அவன்தான் சுமக்கிறான். அந்த நல்லதனம்தான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

மறுபடி விசில். இடப்பக்கம் புல் சரசரத்தது; ஈர நாயின் வாடை குப்பென்று வந்தது. இருவரும் யோசிக்காமலே வலப்பக்கம் ஒதுங்கினார்கள். பிறகு பின்னால் சரசரப்பு. வேகமாக நடந்தார்கள். பாதை காட்டும் வழிக்கம்பங்கள் கண்ணில் பட்டு வெகுநேரமாயிருந்தது.

"அக்கா, நாம நடக்கல. நம்மள ஓட்டிட்டுப் போறாங்க."

"உளறாதடா."

"இருபது வருஷம் ஆடு ஓட்டினவன் நான். எனக்குத் தெரியாதா? அத்தான் விசில்தானே அது?"

அவள் பதில் சொல்வதற்குள் வேறொரு விசில் வந்தது. வெடுக்கென்று. மந்தையிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடு என்று அர்த்தம்.

இருவருக்கும் நடுவே தாழ்வாக ஏதோ ஓடியது. அவள் முழங்காலில் குளிர் உரசியது. நிமிர்ந்து பார்த்தபோது டூகல் பத்தடி தள்ளி இருந்தான். அவனுக்குப் பின்னால் தரை இல்லை. வெறும் மூடுபனி.

அவனுக்கு முன்னால் கறுப்பாக ஒன்று. வயிறு மண்ணில். தலை தாழ்ந்து. அசையாத பார்வை.

"கண்ண எடுக்க முடியலக்கா," என்றான். ஒரு அடி பின்னால் வைத்தான். நாயிடம் மாட்டிய ஆடு செய்வதைப் போலவே, ஒரு காலைத் தூக்கித் தரையில் ஓங்கி உதைத்தான்.

விசில் நின்றது. மேலே யாரோ காத்திருந்தார்கள்.

எதற்கென்று அவளுக்குப் புரிந்தது. 'இறங்கலாம்னு நான்தான் சொன்னேன்.' அவ்வளவுதான். சொன்னால் அந்தத் தலை அவள் பக்கம் திரும்பும்.

"சொல்லிடுக்கா," என்றான் டூகல். முதல் தடவையாக.

பயம். வெறும் பயம்.

சொல்லவில்லை.

மெல்லிய, நீண்ட விசில். நெருங்கிப் போ.

இன்னொரு உதை. கல் சரிந்தது. கற்கள். வெகு ஆழத்துக்கு. டூகல் நின்ற இடத்தில் மூடுபனி மட்டும்.

பிறகு புல்லில் ஊர்கிற சத்தம். அவளைச் சுற்றிக்கொண்டு வந்தது. பின்னால் நின்றது, வேலை முடிந்த நாய் தன் ஆளின் குதிகாலருகே வந்து நிற்குமே, அந்த இடத்தில்.

முழங்காலின் பின்புறம் ஈர மூக்கு பட்டது. புல்லில் வால் அடித்தது. மெதுவாக. சந்தோஷமாக.