முதுகில் ஜிப்

கட்டிலில் கிடந்த இரண்டு உடைகளில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தது.

மே மாத வெயிலில் பாலக்கரை வீட்டின் அந்த மாடி அறை காந்திக்கொண்டிருந்தது. தலையணை சுட்டது, கட்டில் சட்டம் சுட்டது, மின்விசிறி இறக்கிய காற்றும் சுட்டது. தடித்த கறுப்பு உடையில் கை வைத்தபோது மட்டும் ஆரிஃபின் விரல்கள் ஜில்லிட்டன.

அவன் துறைமுகங்களில் தண்ணீருக்குள் இறங்கிக் கப்பல்களைப் பழுதுபார்ப்பவன். அடுத்த வாரம் நார்வேயில் வேலை. அந்தக் குளிர்ந்த கடலில் முங்க, ஒரு சொட்டும் உள்ளே வராத டிரைசூட் வேண்டும். சென்னைக் கடைக்காரர் போட்டுப் பார்க்க இரண்டு வகை அனுப்பியிருந்தார். ஒன்று மழைக்கோட்டுபோல மெல்லியது. உள்ளே கம்பளி உடுத்த வேண்டும், ஜிப் நெஞ்சின் குறுக்கே, தானே திறந்துகொள்ளலாம். மற்றது தடித்த நுரை ரப்பர். அதுவே சூடு தரும். ஆனால் ஜிப் முதுகில், தோளுக்குத் தோள். இன்னொருவர்தான் மூட வேண்டும், இன்னொருவர்தான் திறக்க வேண்டும்.

“மெல்லிசே போதும்னு தோணுது,” என்றான்.

“அந்தக் குளிருக்கு இது தாங்குமாங்க? தடிசையும் ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்,” என்றாள் அவன் மனைவி ஷஹனாஸ்.

காலை நுழைத்தான். கழுத்து ரப்பர் தொண்டையைக் கவ்வியது. புது ரப்பரின் வாடை இல்லை. வெகுநாள் மூடிக் கிடந்த தொட்டியின் பாசி வாடை. ஷஹனாஸ் மூச்சுப்பிடித்து ஜிப்பை இழுத்து மூடினாள். கீழே அழைப்பு மணி அடித்தது.

“கேஸ்காரரா இருக்கும். இதோ வந்துடறேன்.”

அவள் படியிறங்கும் ஓசை தேய்ந்தது. வியர்த்துக் கொட்டியிருக்க வேண்டிய உடம்பில், பாதத்திலிருந்து குளிர் ஏறியது. கணுக்கால், முழங்கால், தொடை என்று, ஆழத்தில் இறங்கும்போது ஏறுவதுபோலவே. முதுகுப்பக்கம் உடை மெல்ல உப்பியது. வடிந்தது. மறுபடி உப்பியது. தன் மூச்சுதான் என்று நினைத்து மூச்சை அடக்கினான்.

முதுகு உப்பியது. வடிந்தது.

கையை மடக்கி ஜிப்பைத் தேடினான். எட்டவில்லை.

“ஷஹனாஸ்!”

குரல் பாதிதான் வந்தது. கழுத்து ரப்பர் இறுகியது. பிடரியில் ஈரமாக ஏதோ சாய்ந்தது. ஒரு கன்னம்போல.

“ஷஹனாஸ்!”

அவள் ஓடி வந்தாள். “என்னங்க, இப்படி நடுங்குறீங்க?”

“தெற. சீக்கிரம் தெற.”

பீரோக் கண்ணாடி முன் அவனைப் பக்கவாட்டில் திருப்பி, ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். “நகர மாட்டேங்குதுங்க. யா அல்லாஹ்...” இன்னொரு இழுப்பு. கரகரவென்று ஒரு சாண் திறந்தது. தோளில் அறையின் வெக்கை பட்டது. அந்த வெக்கைக்கே அவனுக்குக் கண் கலங்கியது.

“இழு. இன்னும் இழு.”

முதுகில் ஜிப் நகர்ந்துகொண்டிருந்தது.

கண்ணாடியைப் பார்த்தான். ஷஹனாஸ் சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

அவன் தோளருகே, திறந்த இடைவெளியிலிருந்து, ஊறி வெளுத்த நான்கு விரல்கள் வெளியே வளைந்திருந்தன. ஜிப்பின் நுனியைப் பிடித்து, அவசரமில்லாமல், மூடிக்கொண்டிருந்தன.