கெயினைக் குறைத்தபோது

அறைக்குள் ஆளில்லை. இருந்தும் ஒலி அளவு காட்டும் முள் கீழே இறங்க மறுத்தது.

அன்று ஹர்த்தால் என்பதால்தான் ஸுப்ரியா அந்த மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மட்டாஞ்சேரியில் லாரி இல்லை, படகு இல்லை, மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல் இல்லை. பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை அவளுடைய பெரியப்பா மகன் வெங்கிட்டு ஒலிப்பதிவு அறையாகக் கட்டியிருந்தான். அதன் அமைதியை அளந்து சொல்வது அவள் வேலை. உள்ளே மைக் மட்டும் தனியாக நின்றது. கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம், அவள் மேஜையில், மைக் பிடிக்கும் ஒலியைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் பெட்டி.

முதலில் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டாள். மைக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தாள். முள் சொன்னபடி அடியில் விழுந்தது. மறுபடி செருகினாள், ஏறியது. பாட்டரியில் ஓடும் பெட்டி, கரண்ட் ரீங்காரத்துக்கு வழியில்லை. தூரத்து அதிர்வுகளை வெட்டும் பொத்தானைத் தட்டினாள். முள் அசையவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகை அறுபது டெசிபலுக்குத் திருப்பினாள். ஆயிரம் மடங்கு. எத்தனை பெயிண்ட் அடித்தும் போகாத மிளகின் காரம் தொண்டையில் கமற, மரப்பலகைகள் வெயிலில் நெளியும் மெல்லிய சத்தத்துக்கும் கீழே, ஈரமாக, நிதானமாக, இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ஒரு மூச்சு கேட்டது.

"வெங்கிட்டண்ணா, உள்ளே யாரோ இருக்கா."

"ஏஸியாக்கும் அது," என்றான் அவள் பின்னால் நின்ற வெங்கிட்டு.

"ஏஸியை நீதானே அணைச்சாய்?"

அவன் சிரித்தான். "இரு, நான் போய் நோக்கறேன்." கனத்த கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

காலடி இடியாக விழுந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஒலி அளவு மீறிவிட்டது என்று. "இங்கே ஒண்ணுமில்லேடீ," என்றான் அவன், காது கிழிய.

கெயினை நாற்பதுக்குக் குறைத்தாள். இருபது குறைத்தால் ஒலி பத்தில் ஒரு பங்காகும். அவன் குரல் சாதாரணமானது. "வெறுதே பயப்படறாய்."

மூச்சு குறையவில்லை.

இருபது. அவன் குரல் தூரத்துக் கொசுவாயிற்று. மூச்சு அதே அளவில். திருகு சரியாகத்தான் வேலை செய்கிறது. அவன் குரல் குறைகிறதே. அப்படியென்றால் குறைக்கக் குறைக்க உள்ளே இருப்பது பத்து மடங்கு பலமாகிறது. நூறு மடங்கு.

பூஜ்யம்.

அவன் உதடுகள் அசைந்தன. குரல் இல்லை. மூச்சு மட்டும். அப்படியே.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஜன்னலை அறைந்தாள். "வெளியே வா. அண்ணா, வெளியே வா." இரட்டைக் கண்ணாடி, ஒரு சத்தமும் புகாதபடி அவனே கட்டியது. அவள் கையாட்டுகிறாள் என்று நினைத்து அவனும் கையாட்டினான். கதவுக்கு ஓடிக் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடி ஜன்னலுக்கு ஓடினாள்.

கூரையைப் பார்க்க அவன் பக்கவாட்டில் திரும்பியிருந்தான். வியர்வையில் ஒட்டியிருந்த அவன் சட்டை முதுகிலிருந்து மெல்ல உரிந்து பின்பக்கமாக நீண்டது. ஏதோ உறிஞ்சுவதுபோல. பிறகு முதுகில் வந்து ஒட்டியது. மறுபடி நீண்டது.

அவனுக்குப் பின்னால் யாருமில்லை. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.